இரண்டாவது ரத்தம்

என் அம்மாவின் இடுப்பு எலும்பை என் கையாலேயே பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தவள் நான். பயந்துவிடாதீர்கள், என் வேலையே அதுதான். எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டர் கையை நீட்டினால் உளி கொடுப்பேன், மறுபடி நீட்டினால் சுத்தியல், முறைத்தால் வேறு அளவு சுத்தியல். வெளியே இருப்பவர்களுக்கு ஆபரேஷன் என்றால் கத்திதான் ஞாபகம் வரும். எங்கள் தியேட்டரில் கத்திக்குக் கொஞ்ச நேரம்தான் வேலை. அதற்குப் பிறகு டிரில், ரம்பம், ஸ்குரூ, தட்டல், மறுபடி தட்டல்.

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றும்போது தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி இருக்கும் தலையை அறுத்து எடுத்துவிட்டு, அங்கே உலோகப் பந்தைப் பொருத்துவார்கள். அறுத்த பந்தை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. கழுவி, ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவாக மூடி, கடுங்குளிரில் வைத்துவிடுவோம். வேறு யாருக்காவது எலும்பில் பள்ளம் விழுந்தால் அதை அரைத்து நிரப்பலாம். இதற்கு எலும்பு வங்கி என்று பெயர். வங்கி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தியேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதில் ஒரு ஃப்ரீசர், அதற்கு ஒரு சாவி. சாவி என் கழுத்தில் தொங்கும்.

அந்த ஃப்ரீசருக்கு ஒரு சட்டம் உண்டு. எலும்பு கொடுத்தவரின் ரத்தத்தை ஆபரேஷன் அன்று பரிசோதிப்போம். சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டு இன்னொரு முறை பரிசோதிப்போம். சில நோய்கள் முதல் பரிசோதனைக்குப் பிடி கொடுக்காமல் ஒளிந்திருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டாவது ரத்தமும் சரியாக இருந்தால்தான் எலும்பு வெளியே வரும். இரண்டாவது ரத்தம் கிடைக்கவில்லையென்றால், ஆள் ஊர் மாறிவிட்டாலும் சரி, வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாலும் சரி, செத்தே போனாலும் சரி, எலும்பு ஆஸ்பத்திரிக் கழிவைப் போடுகிற மஞ்சள் பைக்குப் போக வேண்டியதுதான். அப்படி எத்தனையோ பந்துகளை நான் மஞ்சள் பையில் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் தயங்கியதில்லை.

எனக்கு முழங்கால் வலி வந்தபோது நான் அதை மதிக்கவே இல்லை. நாள் முழுக்க நிற்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே, மூட்டைத் தாங்குகிற எலும்பின் தலை, கறையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது.

எங்கள் பெரிய டாக்டருக்கு ரம்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கையில் ரம்பம் பிடிக்கிற நேரத்தைவிட வாயால் போடுகிற ரம்பம்தான் அதிகம். அன்றைக்கும் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“புத்துநோய் இல்ல சிஸ்டர். அது முதல்ல மனசுல வாங்கிக்கங்க. ஆனா குணம் கெட்ட கட்டி. சுரண்டி எடுத்தாலும் திரும்பி வந்து கதவைத் தட்டும். அதனால ரெண்டு தடவையா செய்வோம். முதல்ல நல்லா சுரண்டிட்டு சிமெண்ட் வச்சு அடைச்சுடறேன். கட்டி திரும்பலன்னு நிச்சயமானதும் சிமெண்டைப் பேத்து எடுத்துட்டு எலும்பு வைக்கணும். ஏன்னா மூட்டுக்கு அடியிலயே சிமெண்ட் கிடந்தா மேல இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சு போயிடும்.”

“எலும்பு பிடிக்கலைன்னா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிப்பதே எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப முழு மூட்டையும் எடுத்துட்டு உலோக மூட்டு வைக்கணும். உங்க வயசுக்கு அது நல்லதில்ல. தேய தேய மாத்திக்கிட்டே இருக்கணும். தியேட்டர்ல மணிக்கணக்கா நிக்கறதெல்லாம் மறந்துட வேண்டியதுதான்.”

தியேட்டரை மறப்பது என்றால் எனக்கு மூச்சை மறப்பது மாதிரி. கல்யாணம் ஆகவில்லை. அம்மா, தம்பி, தியேட்டர். என் உலகம் அவ்வளவுதான்.

முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிமெண்ட் காலோடு வேலைக்கும் திரும்பிவிட்டேன். இரண்டாவது ஆபரேஷனுக்கு எந்த எலும்பை வைப்பது என்ற பேச்சு வீட்டில் வந்தபோதுதான் அம்மா உள்ளே புகுந்தாள்.

அம்மாவுக்கு இடுப்பு தேய்ந்து பல வருடம் ஆகியிருந்தது. நடந்தால் படகு ஆடுகிற மாதிரி ஆடுவாள். ஆபரேஷன் செய்துகொள் என்று நானும் ரம்பம் டாக்டரும் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. “என்னை அறுக்கணும்னா நான் செத்தப்புறம் அறுத்துக்கங்க” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். யார் சொன்னாலும் கேட்கிற ஜென்மம் கிடையாது. சீட்டாட்டத்தில் அவளை ஜெயித்தவர்களும் கிடையாது. அதற்குக் காரணம் மூளை இல்லை, மடி. வேண்டிய சீட்டெல்லாம் அவள் மடியில் இருக்கும். கையும் களவுமாகப் பிடித்தால், “வயசானவ மடியில என்ன விழுதுன்னு யாருக்குத் தெரியும்?” என்று நம்மையே குற்றவாளி ஆக்கிவிடுவாள்.

“இடுப்பு மாத்தறப்போ அந்தப் பந்தை என்னடி பண்ணுவீங்க?” என்றாள்.

“ஃப்ரீசர்ல வைப்போம். அதான் எனக்கும் யாரோட பந்தையாவது வைக்கப் போறாங்க.”

“யாரோடதையோவா?”

“ஆமா. யாரோடதா இருந்தா என்ன? எலும்பு எலும்புதான்.”

“நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஊரான் எலும்பு எதுக்குடி உனக்கு?”

மறுநாள் என்னோடு ஆட்டோவில் ஏறி வந்து, ரம்பம் டாக்டரின் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்தாள். டாக்டர் சொல்லிப் பார்த்தார். அம்மா எலும்பாக இருந்தாலும் அந்நியர் எலும்பாக இருந்தாலும் பலன் ஒன்றுதான், உறைய வைத்த எலும்பில் உயிர் கிடையாது, பொண்ணு உடம்பு அதைக் கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி வைத்துக்கொண்டு தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும் என்றெல்லாம் விளக்கினார். சாரம் என்ற வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“சாரமாவே இருந்துட்டுப் போறேன் டாக்டர். இவ்வளவு நாளா அதுதானே செஞ்சுட்டிருக்கேன்.”

வருடக்கணக்கில் பயந்து தள்ளிப்போட்ட ஆபரேஷனுக்கு அவள் அப்படித்தான் சம்மதித்தாள். தன் கால் வலிக்காக இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எப்படியோ இந்தப் பிடிவாதக்காரி நிமிர்ந்து நடக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஒரு சின்ன ரகளை. காலையில் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீயும் குடித்துவிட்டு லேபுக்குப் போய்விட்டாள். லேப்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“மாத்திரை போட்டுட்டு வந்து நின்னா எப்படிம்மா? ரத்தம் தப்பாக் காட்டும். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க.”

வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“மாத்திரையெல்லாம் ரத்தத்துலதான் போய்க் கலக்குதா?”

“பின்ன, செருப்புலயா கலக்கும்?”

“இல்ல, சும்மா கேட்டேன்” என்றாள்.

ஆபரேஷன் அன்று என்னைத் தியேட்டருக்குள் விடவில்லை. சொந்தக்காரர்களை மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது விதி. எனக்குக் கோபம் வந்தாலும் விதி சரிதான் என்று தெரியும். ஆனால் ஃப்ரீசர் அறை என் இடம். அங்கிருந்து யாரும் என்னை அசைக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது. கொஞ்ச நேரத்தில் என் கூட வேலை செய்கிறவள் கிண்ணத்தை நீட்டினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

எத்தனையோ பந்துகளைக் கையில் வாங்கியவள்தான் நான். பளபளவென்று இருக்க வேண்டிய மேல்பரப்பு முழுக்கத் தேய்ந்து, ஓரமெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் கடைக்குப் போனாள், தண்ணீர் தூக்கினாள், எனக்காக வாசலில் காத்து நின்றாள்? கையுறைக்குள்ளும் அதன் சூடு தெரிந்தது. கழுவினேன், டப்பாவில் வைத்தேன், இன்னொரு டப்பாவில் வைத்தேன். சீட்டில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன். ஃப்ரீசரைப் பூட்டிய பிறகு சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அம்மாவுக்கு வாக்கர் வாங்கினோம். நான்கு காலும் அலுமினியக் குழாய், மேலே ரப்பர் கைப்பிடி. சீக்கிரமே அதைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆட்டம் போய்விட்டது, நேராக நடந்தாள். நடக்கும்போதெல்லாம் ஏதோ பாட்டு வேறு. என்ன பாட்டு என்று அவளுக்கே தெரிந்திருக்காது, வார்த்தையே இல்லாத ஒரு சத்தம். என் அம்மா பாடி நான் அதுவரை கேட்டதில்லை. வலி போன சந்தோஷம் என்று நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

இடுப்பு மாற்றியவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் ஆளே காலி. அதனால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரையைக் கொஞ்ச காலத்துக்குத் தவறாமல் போட வேண்டும். இதை அம்மாவுக்கு டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், தம்பி சொன்னான். நானே மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அவள் விழுங்குகிற வரை எதிரே நிற்பேன். விழுங்கிவிட்டு, வேண்டுமென்றே நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

“ஆ... பாத்துக்கோ. முழுங்கிட்டேன். போலீஸ்காரி.”

“மாத்திரை விஷயத்துல உன்னை நம்ப முடியாது.”

“சீட்டாட்டத்துலதான் நம்பக் கூடாது” என்பாள். பிறகு ஞாபகம் வந்தவள் போல, “டாக்டர் சொன்னாரே, அந்த ரெண்டாவது ரத்தம் எப்ப எடுப்பீங்க?” என்று கேட்பாள்.

“அதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா.”

“அதுல எதாவது தப்பாக் காட்டுச்சுன்னா?”

“எலும்பை வெளிய எடுக்க மாட்டாங்க. உனக்கு என்ன நோய் இருக்கு, தப்பாக் காட்டறதுக்கு? வாய் ஒண்ணுதான் உனக்கு நோய்.”

சிரித்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பாட்டை ஆரம்பித்தாள், சமையலறைப் பக்கம் போனாள். இதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“மூச்சு வாங்குதுடி” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொன்னதில்லை.

உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலிருந்தால் நம்பிக்கையாவது இருந்திருக்கும். தம்பி வண்டியை எடுத்தான், நான் பின்சீட்டில் அவளை மடியில் கிடத்திக்கொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். “பேசாதே, மூச்சை இழு” என்று அதட்டினேன். எமர்ஜென்சி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் கை என் கையிலிருந்து தானாக நழுவியது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததெல்லாம் முறைக்காகச் செய்தது. நெஞ்சை அழுத்துகிற கைகளைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும்.

ரம்பம் டாக்டர் தியேட்டர் உடையோடு ஓடிவந்தார். என்னருகே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

“மாத்திரை...” என்றார் கடைசியில்.

“ஒரு வேளைகூட விடல சார். நானே குடுத்தேன்.”

“போட்டும் சிலருக்கு வந்துடுது சிஸ்டர். அபூர்வமா வரும்” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அம்மா இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினேன். ஃப்ரீசரைத் திறந்ததும் மேல் தட்டிலேயே அவள் பெயர். என் கையெழுத்து.

விதி எனக்குத் தெரியாததா? இரண்டாவது ரத்தம் இனி இல்லை. அதனால் எலும்பு மஞ்சள் பைக்கு. இதைச் செய்ய வேண்டிய ஆளும் நான்தான். டப்பாவை வெளியே எடுத்தேன். பையையும் விரித்தேன். டப்பாவின் குளிர் விரலைச் சுட்டது. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

“சார், அம்மா எலும்பைத் தூக்கிப் போட என்னால முடியாது.”

“சிஸ்டர், நீங்களே...”

“நானே எல்லாருக்கும் சட்டம் பேசினவதான். தெரியும். அவ ரத்தத்துல எந்த நோய் இருந்தாலும் எனக்கு வந்துட்டுப் போகட்டும். அவகிட்ட இருந்து வந்ததுதானே இந்த உடம்பே. புதுசா என்ன வந்துடப் போகுது? எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன்.”

அப்படிச் சத்தம் போட்டு அவரிடம் நான் பேசியதில்லை. அவர் கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையே இல்லாத கண்ணாடி அது.

“ஒரு வழி இருக்கு” என்றார். “கதிர்வீச்சுக்கு அனுப்பலாம். அதுல எந்தக் கிருமியும் மிஞ்சாது. எலும்போட பலம் கொஞ்சம் குறையும், செலவும் அலைச்சலும் வேற, அதனாலதான் நாம வழக்கமா அனுப்பறதில்ல. உங்களுக்குப் பள்ளத்தை நிரப்பத்தானே? போதும். எலும்பு வங்கிக் குழுகிட்ட நான் பேசறேன்.”

“அப்ப ரெண்டாவது ரத்தம்?”

“கதிர்வீச்சுக்கு அனுப்பினா அது வேணாம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா போன பிறகு நான் கேட்ட முதல் நல்ல செய்தி அது. அப்போது அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

ஐஸ் பெட்டியில் போன எலும்பு பத்திரமாகத் திரும்பி வந்தது. என் ஆபரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டி மறைத்துவிட்டார்கள். என்னிடமா மறைக்க முடியும்? சத்தத்தை வைத்தே எல்லாம் எனக்குத் தெரிந்தது. உளி விழுந்தது, பழைய சிமெண்ட் துண்டு துண்டாகப் பெயர்ந்து கிண்ணத்தில் டங் டங்கென்று விழுந்தது. சிமெண்டைத் துருவித் துருவி எடுத்தார், சுவரில் கட்டி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் கேட்டு வாங்கிப் பார்த்தார், “சுத்தம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன்.

பிறகு எலும்பு அரைக்கிற மெஷினின் கைப்பிடி சுற்றுகிற சத்தம். கரகரவென்று. எத்தனை பேருக்கு நானே அதைச் சுற்றியிருக்கிறேன். இந்தத் தடவை அதற்குள் இருந்தது அம்மா.

அரைத்த எலும்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, கட்டையால் மெல்லத் தட்டி இறுக்கி, மறுபடி போட்டுத் தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் மேலே இருக்கிற மூட்டுப் பரப்பு விரிசல் விட்டுவிடும். ரொம்ப மெதுவாகத் தட்டினால் எலும்பு பிடிக்காது. ரம்பம் டாக்டர் அன்றைக்குத் தட்டிய மாதிரி யாருக்கும் தட்டி நான் கேட்டதில்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற அளவு பதம்.

“சிஸ்டர், தூங்கறீங்களா?” என்று துணிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல சார்.”

“அம்மா நல்லா உக்காந்துட்டாங்க.”

பச்சைத் துணிக்குப் பின்னால் நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்கும். தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் செய்த காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் அதே மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க, அதே அட்டை, அதே சின்ன வெள்ளை மாத்திரை. ரம்பம் டாக்டர் என் தம்பியைத் தனியாக அழைத்து, “முழுங்கறதைக் கண்ணால பாருங்க” என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம், தம்பி கட்டில் பக்கத்தில் அம்மாவின் வாக்கரைக் கொண்டுவந்து வைத்தான். அவள் போன நாளிலிருந்து அது கதவுக்குப் பின்னால் கிடந்தது. “புதுசு எதுக்குக்கா, இதுவே நல்லாத்தான் இருக்கு” என்றான். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கைப்பிடியில் அவள் பிடித்த இடம் கொஞ்சம் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது.

எழுந்து, ஒற்றைக் காலை ஊன்றி, வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தேன். உள்ளே ஏதோ உருண்டது.

“ஸ்குரூ கழண்டிருக்கும்” என்றான் தம்பி.

இன்னொரு முறை தூக்கி வைத்தேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். ஸ்குரூ சத்தம் எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே ஸ்குரூவோடுதான். கைப்பிடியின் நுனியில் குழாயை மூடிய ஒரு கறுப்பு மூடி இருந்தது. நகத்தால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. பலமுறை திறந்து மூடிய மூடி. கட்டிலில் உட்கார்ந்து வாக்கரைத் தலைகீழாகச் சாய்த்தேன்.

மாத்திரைகள் மெத்தையில் கொட்டின. சின்ன, வெள்ளை மாத்திரைகள். சில வாயில் ஊறி மேல்பூச்சுக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சில முழுசாக இருந்தன. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தன.

தம்பி ஒன்றை எடுத்துப் பார்த்தான். என் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“அக்கா, இது அம்மாவோட...” அவன் குரல் உடைந்தது. “அம்மா சாப்பிடவே இல்லையா? நாக்கை நீட்டிக் காட்டுவாங்களே?”

கன்னத்தில் ஒதுக்கியிருப்பாள். மடியில் சீட்டை ஒதுக்கியவளுக்குக் கன்னத்தில் மாத்திரையை ஒதுக்கத் தெரியாதா? குழாய்க்குள் உருள்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பாட்டு. வலி போன சந்தோஷம் என்று நினைத்துச் சிரித்தோமே, அந்தப் பாட்டு.

“ஏன்க்கா? செத்துடுவோம்னு தெரியாதா அவங்களுக்கு? அத்தனை தடவை சொன்னோமே.”

“ரெண்டாவது ரத்தத்துக்குடா” என்றேன். “மாத்திரை போட்டா ரத்தம் தப்பாக் காட்டும்னு லேப்ல சொன்னாங்கல்ல. இதையும் போட்டா ரத்தத்துல கலந்து தப்பாக் காட்டிடும், எலும்பை எனக்கு வைக்காம தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நினைச்சுட்டா. ரத்தத்தைச் சுத்தமா வச்சிருந்திருக்கா.”

தம்பி கையிலிருந்த மாத்திரையை மெத்தையில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“ஆனா அந்த ரெண்டாவது ரத்தம்தான் வேணாம்னு ஆயிடுச்சேக்கா.”

ஆமாம். வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் தலையைச் சாய்த்து அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எலும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாளே, அவளிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே. அன்றைக்கு வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்ல வந்தது இதுதானா? பேசாதே என்று அதட்டி வாயை மூடவைத்தவள் நான்.

போன் அடித்தது. ரம்பம் டாக்டர்.

“சிஸ்டர், வலி எப்படி இருக்கு? மாத்திரை போட்டாச்சா?”

மெத்தை முழுக்க மாத்திரை. அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போட்டும் அபூர்வமாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு இருக்கிறார். அதுவே அவருக்குப் பெரிய பாரம். இதைச் சொன்னால், ஆரம்பத்திலேயே கதிர்வீச்சுக்கு அனுப்பியிருக்கலாமே என்ற பாரமும் சேர்ந்துவிடும்.

“இதோ போடறேன் சார்” என்றேன்.

“போட்டுட்டுச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்.”

என் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்தேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தான். கால் உள்ளே விண் விண்ணென்று தெறித்தது. அங்கே அவள் இருக்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு என் எலும்பு இனிமேல்தான் வளர வேண்டும். அது வளர்ந்து முடிகிறபோது அவள் கரைந்து போயிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அதுவரைக்குமாவது நான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன். எதிரே, கண்ணாடி முன்னால் அவள் தலை வாருகிற நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்து வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன்.

“ஆ... பாத்துக்கோம்மா. நிஜமாவே முழுங்கிட்டேன்.”